ஒரே சர்வரில் பல பைதான் செயலிகள்: அறிகுறியை வைத்து வென்வ் கோளாறுகளைக் களைதல்

ஒரு லினக்ஸ் சர்வரில் நாலைந்து பைதான் செயலிகளைத் தனித்தனி மெய்நிகர் சூழலில் (வென்வ்) ஓட்டும்போது ஏதாவது ஒன்று படுத்துவிட்டால், பழி உடனே ஏதோ ஒரு பேக்கேஜின் மேல் விழும். அதை நீக்கிவிட்டு மறுபடி போடுவார்கள், பிழை அப்படியே இருக்கும். பேக்கேஜில் கோளாறு இருப்பது குறைவு. பாதை, பயனர், அனுமதி, இல்லையென்றால் இரண்டு செயலிகள் தெரியாமல் பகிர்ந்துகொண்ட ஏதோ ஒன்று, இவைதான் வழக்கமான காரணங்கள்.

பைதான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வரும் வென்வ் கருவி உண்டாக்குவது ஒரு டைரக்டரியை மட்டுமே. அதில் ‘பின்’ என்ற டைரக்டரியில் கணினியின் பைதானைச் சுட்டும் சிம்லிங்க் என்ற இணைப்பு இருக்கும். ‘லிப்’ அடியில், நிறுவிய பேக்கேஜ்கள் உட்காரும் சைட்-பேக்கேஜஸ் இருக்கும். மேலே பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற சின்னக் கோப்பு இருக்கும். எந்தப் பைதானை ஓட்டுகிறோமோ அதன் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ அந்தக் கோப்பு இருந்தால், பைதான் தன் பேக்கேஜ்களை அந்த வென்வுக்குள் தேடும். ஆக்டிவேட் செய்வது இதற்குத் தேவையே இல்லை. அது ஷெல் கட்டளைகளைத் தேடும் டைரக்டரிப் பட்டியலான பாத் மாறியில் ‘பின்’ டைரக்டரியை முன்னால் சேர்க்கும் வசதி, அவ்வளவே.

கீழே உள்ளவை சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவது), என்ஜின்எக்ஸ் (முன்னால் நிற்கும் வெப் சர்வர்), ஜிகுனிகார்ன் (பைதான் செயலியை ஓட்டும் சர்வர்) மூன்றும் உள்ள அமைப்புக்கு எழுதப்பட்டவை. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனிப் பயனர், /எஸ்ஆர்வி அடியில் ஒரு டைரக்டரி, ஒரு வென்வ், ஒரு சர்வீஸ் கோப்பு, என்ஜின்எக்ஸும் செயலியும் பேசிக்கொள்ள ஒரு யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுச் செயலியின் பெயர் பில்லிங்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் எந்த வென்வில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். உங்கள் டெர்மினலில் ‘விச் பைதான்’ என்று கேட்டால் வருவது உங்கள் ஷெல்லின் பதில், சர்வீஸின் பதில் இல்லை.

ப்ராசஸ் எண்ணை ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ காட்டும். அந்த எண்ணுக்குரிய /ப்ராக் டைரக்டரியில் உள்ள ‘எக்ஸ்இ’ என்ற இணைப்பை நம்பாதீர்கள். அது சிம்லிங்கையெல்லாம் பின்தொடர்ந்து போய் /யுஎஸ்ஆர்/பின் அடியில் உள்ள கணினியின் பைதானையே காட்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் அப்படித்தான் காட்டும் என்பதால் அதைப் பார்த்து வென்வ் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. பார்க்க வேண்டியது ‘சிஎம்டிலைன்’ கோப்பு. அதில் முதலாவதாக வென்வின் பைதான் பாதை இருக்க வேண்டும். செட்ப்ராக்டைட்டில் பேக்கேஜ் போட்டிருந்தால் ஜிகுனிகார்ன் தன் பெயரை மாற்றிக்கொண்டிருக்கும். அப்போது ‘மேப்ஸ்’ கோப்பில் சைட்-பேக்கேஜஸ் என்று தேடுங்கள். ஏற்றப்பட்ட .எஸ்ஓ கோப்புகளின் (பேக்கேஜ்களில் உள்ள, சி மொழியில் தொகுத்த பகுதிகள்) முழுப் பாதை அதில் இருப்பதால் எந்த வென்வ் என்பதில் சந்தேகம் இருக்காது.

செயலிக்குள்ளிருந்தே பார்க்க வேண்டுமென்றால் சிஸ்.பிரிஃபிக்ஸ், சிஸ்.பேஸ்_பிரிஃபிக்ஸ் இரண்டையும் லாகில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் வென்வுக்கு வெளியே இருக்கிறீர்கள்.

அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்’

சர்வீஸ் கோப்பில் எக்ஸெக்ஸ்டார்ட் வரி பைதான் என்றோ ஜிகுனிகார்ன் என்றோ வெறும் பெயரில் இருக்கும். சிஸ்டம்டி உங்கள் .பேஷ்ஆர்சி கோப்பைப் படிப்பதில்லை, ஆக்டிவேட் செய்வதும் இல்லை. வரியை முழுப் பாதையாக்குங்கள்: /எஸ்ஆர்வி/பில்லிங்/வென்வ்/பின்/ஜிகுனிகார்ன். பேஷைக் கூப்பிட்டு அதற்குள் ஆக்டிவேட் செய்து பிறகு ஓட்டும் வரிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். தேவையற்ற சுற்று அது. நடுவில் ஒரு ஷெல் வந்து உட்காருவதால் நிறுத்தும் சிக்னல் செயலிக்குப் போகாமல் நின்றுவிடவும் கூடும்.

முழுப் பாதை கொடுத்தும் ஒரு பகுதி மட்டும் உடைகிறதா? பிடிஎஃப் தயாரிப்பு, பின்னணி ஸ்கிரிப்ட் போன்றவை மட்டும் ‘மாட்யூல் இல்லை’ என்கின்றனவா? செயலி உள்ளுக்குள் சப்ப்ராசஸ் வழியாக ‘பைதான்’ என்ற வெறும் பெயரைக் கூப்பிடுகிறது. வென்வின் பைதானை நேரடியாக ஓட்டினால் அதன் பின் டைரக்டரி பாத் மாறியில் சேராது, ஆகவே குழந்தை ப்ராசஸ் கணினியின் பைதானுக்குப் போய்விடுகிறது. நிரலில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் மதிப்பைப் பயன்படுத்துங்கள். நிரலைத் தொட முடியாதென்றால் சர்வீஸ் கோப்பில் என்விரான்மென்ட் வரி போட்டு, பாத் மாறியில் வென்வின் பின் டைரக்டரியை முதலில் வையுங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானிலும் இதே கதைதான். அதன் இயல்பான பாத்தில் /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே இருக்கும். சுடோவும் தன் செக்யூர்_பாத் அமைப்பின்படி பாத்தை மாற்றிவிடும். வென்வை ஆக்டிவேட் செய்துவிட்டு, பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப்பை ‘சுடோ பிப் இன்ஸ்டால்’ என்று தட்டினால் பேக்கேஜ் வென்வுக்குள் போகாது, கணினியின் பைதானைத்தான் நோக்கிப் போகும்.

ஸ்டேட்டஸ் வரியில் வரும் எண்கள் பலர் கண்ணில் படுவதே இல்லை, ஆனால் பாதி வேலையை அவை முடித்துத் தரும். 203/எக்ஸெக் என்றால் ஓட்டச் சொன்ன கோப்பை ஓட்ட முடியவில்லை. 200/சிஹெச்டிஐஆர் என்றால் வொர்க்கிங்டைரக்டரி இல்லை, அல்லது அங்கே நுழைய அனுமதி இல்லை. 217/யூசர் என்றால் அந்தப் பயனரே கணினியில் இல்லை. மூன்றிலும் உங்கள் பைதான் நிரல் ஒரு வரிகூட ஓடவில்லை என்பதால் செயலியின் லாகில் தேடிப் பயனில்லை.

203 வருகிறது, ஆனால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது என்றால் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, ஸ்கிரிப்டின் முதல் வரி சுட்டும் பைதான் இல்லாமல் போயிருக்கலாம் (அடுத்த அறிகுறி அதுதான்). இரண்டு, பைஎன்வ் அல்லது யுவி வழியாக இறக்கிய பைதான் அதை நிறுவியவரின் ஹோம் டைரக்டரிக்குள் இருக்கும். வென்வ் /எஸ்ஆர்வி அடியில் இருந்தாலும் சிம்லிங்க் அந்த ஹோமுக்குப் போகும். சர்வீஸ் பயனரால் அங்கே நுழைய முடியாது, சர்வீஸ் கோப்பில் ப்ரொடெக்ட்ஹோம் போட்டிருந்தால் நிச்சயமாக முடியாது. மூன்று, அந்த டிஸ்க் பகுதி நோஎக்ஸெக் (நிரல்களை ஓட்டத் தடை) என்று மவுண்ட் ஆகியிருக்கலாம்.

அறிகுறி: ‘பேட் இன்டர்பிரிட்டர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’

வென்வை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், பெயர் மாற்றியிருக்கிறார்கள், அல்லது வேறு கணினியிலிருந்து நகலெடுத்திருக்கிறார்கள். பின் டைரக்டரியில் உள்ள பிப், ஜிகுனிகார்ன், செலரி (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) எல்லாவற்றின் முதல் வரியிலும் வென்வ் உருவான இடத்தின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். டைரக்டரி நகர்ந்தாலும் அந்த வரி நகராது.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. பில்லிங் வென்வை ஸ்டாக் என்ற புதுச் செயலிக்காக நகலெடுத்தீர்கள், பழைய பில்லிங்கும் அங்கேயே இருக்கிறது. இப்போது ஸ்டாக்கின் பிப்பை ஓட்டினால் எந்தப் பிழையும் வராது. பேக்கேஜ்கள் அமைதியாகப் பில்லிங் வென்வுக்குள் போய் உட்காரும், ஸ்டாக்கில் எதுவும் மாறாது, பில்லிங் மட்டும் ஒருநாள் காரணமில்லாமல் உடையும். சந்தேகம் வந்தால் பின் டைரக்டரியில் உள்ள கோப்புகளின் முதல் வரிகளை ‘ஹெட் -1’ போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே பாதையைக் காட்ட வேண்டும், அதுவும் அந்த வென்வின் பாதையாகவே இருக்க வேண்டும்.

முதல் வரிகளை ‘எஸ்இடி’ கட்டளையால் மாற்றி ஒப்பேற்றலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆக்டிவேட் கோப்புக்குள்ளும் பழைய பாதை இருக்கும், எடிட்டபிள் முறையில் நிறுவிய பேக்கேஜ்கள் பழைய மூலக் கோப்புகளையே சுட்டிக்கொண்டிருக்கும். வென்வை அழித்துவிட்டு, அது நிலையாக இருக்கப்போகும் பாதையிலேயே புதிதாக உருவாக்குங்கள். சில நிமிட வேலை.

பிப்பை எப்போதும் ‘பைதான் -எம் பிப்’ என்று, வென்வின் பைதானுக்கு முழுப் பாதை கொடுத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி வராது. அங்கே முதல் வரிக்கு வேலையே இல்லை.

அறிகுறி: இயங்குதளத்தை மேம்படுத்திய பின் எல்லாச் செயலிகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன

உபுண்டு 22.04 பதிப்பில் பைதான் 3.10. 24.04 பதிப்பில் 3.12. டெபியன் 11 முதல் 12 வரை போனால் 3.9 என்பது 3.11 ஆகும். வென்வின் சிம்லிங்க் பைதான்3 என்ற பொதுப் பெயரைச் சுட்டியிருந்தால் இன்டர்பிரிட்டர் எழும், ஆனால் பேக்கேஜ்களை லிப்/பைதான்3.12 என்ற டைரக்டரியில் தேடும். உங்களுடையவை இருப்பதோ லிப்/பைதான்3.10 அடியில். விளைவு, செயலி எழுதப் பயன்பட்ட ஜாங்கோ என்ற வெப் கட்டமைப்பே இல்லை என்று சொல்லும். சிம்லிங்க் பைதான்3.10 என்ற குறிப்பிட்ட பெயரைச் சுட்டியிருந்தால் இன்டர்பிரிட்டரே எழாது, 203 வரும். இரண்டும் ஒரே நோய்தான், மருந்தும் ஒன்றுதான்: வென்வைப் புதிதாக உருவாக்குவது.

பழைய சைட்-பேக்கேஜஸ் டைரக்டரியைப் புதிய பெயருக்கு மாற்றிப் பார்க்கத் தோன்றும். சுத்தப் பைதானில் எழுதிய பேக்கேஜ்கள் ஓடிவிடும், சி மொழியில் தொகுத்தவை ஓடாது. ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்றோ, கோப்பு இருந்தும் மாட்யூல் இல்லை என்றோ வரும், ஏனென்றால் அந்த .எஸ்ஓ கோப்பின் பெயரிலேயே சிபைதான்-310 என்று பதிப்பு இருக்கும். வென்வ் கருவியின் --அப்கிரேட் விருப்பமும் பேக்கேஜ்களை மறுபடி நிறுவித் தராது.

3.12க்கு வரும்போது இன்னொரு பள்ளம் உண்டு. டிஸ்ட்யூட்டில்ஸ் அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக உருவாக்கும் வென்வில் செட்அப்டூல்ஸும் இயல்பாக வராது. ‘நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்’ அல்லது பிகேஜி_ரிசோர்சஸ் இல்லை என்று பிழை வந்தால், அதைக் கேட்கும் பேக்கேஜைப் புதிய பதிப்புக்கு உயர்த்துவதே சரியான வழி. செட்அப்டூல்ஸைத் தேவைப் பட்டியலில் சேர்ப்பது தற்காலிக ஏற்பாடு.

செயலிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நகர்த்த முடியாதென்றால், பழைய பதிப்புப் பைதானைக் கணினியின் பைதானோடு மோதாத பொது இடத்தில், /ஆப்ட் அடியில், எல்லாப் பயனர்களும் படிக்கும் அனுமதியுடன் நிறுவி வையுங்கள். அப்பாச்சி வெப் சர்வரில் பைதானை ஓட்டும் மாட்_டபிள்யூஎஸ்ஜிஐ மாட்யூலை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அந்த மாட்யூல் ஒரு பைதான் பதிப்புக்கு எதிராகத் தொகுக்கப்படுவது. ஒரே அப்பாச்சிக்குள் ஒரு தளம் 3.10, மற்றொன்று 3.12 என்று ஓட்ட முடியாது. வென்வைக் காட்டினாலும் பதிப்பு மாறாது.

அறிகுறி: பிப் நிறுவ மறுக்கிறது

‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று வந்தால் நீங்கள் வென்வுக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று பொருள். டெபியன் 12 முதல் கணினியின் பைதானில் பிப் கைவைக்கக் கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற விருப்பத்தின் பெயரே எச்சரிக்கை, சர்வரில் அதைத் தொடாதீர்கள்.

வென்வ் உருவாக்கும்போதே ‘என்ஷ்யூர்பிப் இல்லை’ என்று வந்தால், டெபியன், உபுண்டு இரண்டிலும் பைதான்3-வென்வ் என்ற பேக்கேஜை ஏப்ட் வழியாகப் போட வேண்டும். தோற்றுப்போன முயற்சி பாதி டைரக்டரியை விட்டுச் சென்றிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தொகுப்பின் நடுவில் பைதான்.ஹெச் கோப்பு இல்லை என்றால் பைதான்3-டெவ் வேண்டும், ரெட் ஹேட் குடும்பத்தில் அதன் பெயர் பைதான்3-டெவெல். பிஜி_கான்ஃபிக் இல்லை என்றால் லிப்பிக்யூ-டெவ். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நேற்றுவரை தொகுக்காமலே இறங்கிய பேக்கேஜ் இன்று ஏன் தொகுக்க முனைகிறது? உங்கள் பைதான் பதிப்புக்கோ கணினி வகைக்கோ முன்பே தொகுத்து வைத்த ஆயத்த வீல் கோப்பு இல்லை என்பதுதான் பதில். பைதான் மிகப் புதிதாக இருக்கும், அல்லது பேக்கேஜ் பதிப்பு மிகப் பழையதாக இருக்கும். ஆல்பைன் கண்டெய்னரில் என்றால் அங்கே அடிப்படை சி நூலகமாக ஜிலிப்சிக்குப் பதில் மசில் இருப்பதால் வழக்கமான வீல்கள் பொருந்தாது. --ஒன்லி-பைனரி விருப்பத்தோடு ஓட்டினால், தொகுக்கத் தொடங்காமல் எந்தப் பேக்கேஜுக்கு வீல் இல்லை என்று உடனே சொல்லிவிடும்.

‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு பிப் நின்றால், வெளியேறும் எண் 137 என்றால், நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கிறது. 512 எம்பி, 1 ஜிபி சர்வர்களில் பெரிய பேக்கேஜைத் தொகுக்கும்போது இது சகஜம். அதே இயங்குதளமும் அதே பைதான் பதிப்பும் உள்ள வேறு கணினியில் ‘பிப் வீல்’ கொண்டு வீல்களைத் தயாரித்து அந்த டைரக்டரியைக் கொண்டுவாருங்கள். சர்வரில் --நோ-இண்டெக்ஸ், --ஃபைண்ட்-லிங்க்ஸ் இரண்டையும் கொடுத்து நிறுவினால் தொகுப்பியே வேண்டியதில்லை.

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று வந்தும் ‘டிஎஃப் -ஹெச்’ இடம் இருப்பதாகக் காட்டினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். /டிஎம்பி தனி டிஎம்பிஎஃப்எஸ் ஆக இருந்து நிறைந்திருக்கலாம். அப்படியென்றால் டிஎம்பிடிஐஆர் மாறியை வேறு டைரக்டரிக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் ஐநோடு (கோப்புக்கு ஒன்று என்று டிஸ்க் ஒதுக்கும் பதிவு) தீர்ந்திருக்கலாம், ‘டிஎஃப் -ஐ’ காட்டிவிடும். ஒரு வென்வில் ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒன்று உருவாக்கி, பழையதை நீக்காமல் விட்ட சர்வர்களில் இது நிச்சயம் ஒருநாள் வரும்.

அறிகுறி: புதிய பதிப்பு போட்டாகிவிட்டது, பழையபடியே நடக்கிறது

பைதான் ஒருமுறை இம்போர்ட் செய்த மாட்யூலை நினைவகத்திலேயே வைத்திருக்கும். டிஸ்கில் பிப் என்ன மாற்றினாலும் ஓடும் ப்ராசஸுக்குத் தெரியாது. மேலே சொன்ன மேப்ஸ் கோப்பில் .எஸ்ஓ பாதைகளுக்குப் பக்கத்தில் ‘டெலீட்டட்’ என்று இருந்தால், நீக்கப்பட்ட பழைய கோப்பைத்தான் அந்த ப்ராசஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதிகம் மறக்கப்படுவது செலரி. வெப் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வார்கள், செலரியின் வொர்க்கரும் (வேலையை ஓட்டுவது) பீட்டும் (நேரப்படி வேலையை வரிசையில் போடுவது) பழைய நிரலோடு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு செயலியின் எல்லாச் சர்வீஸ்களையும் ஒரு டார்கெட் கோப்பின் கீழ் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் பார்ட்ஆஃப் வரி போட்டுவிட்டால் டார்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கரண்ட் என்ற சிம்லிங்க் வைத்து வென்வ்களை மாற்றிக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது: சிம்லிங்கை மாற்றிவிட்டு ஜிகுனிகார்னுக்கு ஹெச்யூபி சிக்னல் அனுப்பினால் அது புதிய வென்வுக்குப் போகாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் இருப்பது கரண்ட் இல்லை, உருவாக்கியபோது கொடுத்த உண்மையான பாதை. ப்ராசஸ் எழுந்த நேரத்திலேயே அந்தப் பாதை நிலையாகிவிட்டது. யுஎஸ்ஆர்2 சிக்னலும் அதே பழைய பைதானைத்தான் மறுபடி எழுப்பும். முழு ரீஸ்டார்ட் ஒன்றே வழி.

ரீஸ்டார்ட் செய்தும் மாறவில்லையா? மாட்யூலின் __ஃபைல்__ மதிப்பை அச்சிடுங்கள். அது சைட்-பேக்கேஜஸுக்கு வெளியே காட்டினால், பைதான்பாத் மாறி எங்கோ வைக்கப்பட்டிருக்கிறது. சர்வீஸ் கோப்புகள் /இடிசி/என்விரான்மென்ட் கோப்பைப் படிக்கும்படி வைத்திருந்தால், அதில் யாரோ என்றோ எழுதிய ஒரு வரி அப்படிப் படிக்கும் அத்தனை வென்வுக்குள்ளும் கசியும், சைட்-பேக்கேஜஸை முந்திக்கொண்டு. பைதானை -இ (பெரிய எழுத்து) விருப்பத்தோடு ஓட்டிப் பிழை மறைந்தால் அதுதான் காரணம். செயலியின் டைரக்டரியில் ரெடிஸ்.பிஒய், ஈமெயில்.பிஒய் போன்ற பெயரில் கோப்பு இருந்தாலும் இதே குழப்பம் வரும்.

அறிகுறி: 502 பேட் கேட்வே

என்ஜின்எக்ஸின் எரர் லாகில் அடைப்புக்குள் ஒரு எண் இருக்கும். எண் 2 என்றால் சாக்கெட் கோப்பே இல்லை. 111 என்றால் கோப்பு இருக்கிறது, மறுமுனையில் கேட்க ஆள் இல்லை, அதாவது செயலி இறந்துவிட்டது. 13 என்றால் எல்லாம் இருக்கிறது, அனுமதி இல்லை.

13க்கு, சாக்கெட்டின் பாதையை ‘நேம்ஐ -எல்’ கட்டளைக்குக் கொடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். வழியில் ஒன்று என்ஜின்எக்ஸ் பயனருக்கு மூடியிருந்தாலும் போதும், இணைப்பு தோற்கும். சாக்கெட் கோப்பின் மேல் எழுதும் அனுமதியும் வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 750 அனுமதியோடு வருவதால் ஹோமுக்குள் வைத்த சாக்கெட்டுகள் இதில் சிக்கும். 777 போட்டுத் தீர்க்காதீர்கள், சாக்கெட்டை /ரன் அடியில் கொண்டுபோங்கள்.

அதற்கு ரன்டைம்டைரக்டரி வரி வசதியானது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வீஸ் நிற்கும்போது சிஸ்டம்டி அந்த டைரக்டரியை நீக்கிவிடும். பில்லிங்கின் வெப், செலரி இரண்டு சர்வீஸ் கோப்புகளிலும் ஒரே பெயரைக் கொடுத்திருந்தால், செலரியை நிறுத்தியதும் வெப்பின் சாக்கெட்டும் சேர்ந்து போய்விடும். வெப் ப்ராசஸ் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டேட்டஸ் பச்சையாக இருக்கும், என்ஜின்எக்ஸ் மட்டும் எண் 2 என்று கத்தும். பெயர்களைப் பிரித்துவிடுங்கள்.

போர்ட் எண் வைத்து ஓட்டுபவர்களுக்கு ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ வந்தால் ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும்.

அறிகுறி: ஒரு செயலியின் வேலை இன்னொன்றில் தலைகாட்டுகிறது

வென்வ் பிரிப்பது பேக்கேஜ்களை மட்டுமே. குக்கி, ரெடிஸ் (வரிசைகளையும் கேஷையும் வைக்கும் நினைவகத் தரவுக் கிடங்கு), டேட்டாபேஸ் இணைப்பு, /டிஎம்பி, சூழல் மாறிகள் எதையும் அது பிரிக்காது. வென்வ் போட்டாகிவிட்டது, தனிமையாகிவிட்டது என்ற நம்பிக்கையில்தான் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறுகள் பிறக்கின்றன.

ஒரு செயலியில் லாகின் செய்தால் மற்றொன்றில் லாகவுட் ஆகிறது: இரண்டும் ஒரே ஹோஸ்ட் பெயரில், வேறு வேறு போர்ட்டிலோ பாதையிலோ ஓடுகின்றன. குக்கிகள் போர்ட்டைப் பார்த்துப் பிரிவதில்லை. ஜாங்கோவின் இயல்பான குக்கிப் பெயர் செஷன்ஐடி, ஃபிளாஸ்கினுடையது செஷன். இரண்டும் ஜாங்கோவாகவோ இரண்டும் ஃபிளாஸ்காகவோ இருந்தால் ஒன்று மற்றதன் மேல் எழுதிவிடுகிறது. செஷன்_குக்கி_நேம் அமைப்பில் செயலிக்கு ஒரு பெயர் கொடுங்கள். ஜாங்கோவில் சிஎஸ்ஆர்எஃப் குக்கிப் பெயரையும் சேர்த்து மாற்றுங்கள்.

செலரி லாகில் ‘அன்ரெஜிஸ்டர்டு டாஸ்க்’: இரண்டு செயலிகளும் ஒரே ரெடிஸ், ஒரே டேட்டாபேஸ் எண் 0, செலரி என்ற ஒரே இயல்பு வரிசை. பில்லிங் போட்ட வேலையை ஸ்டாக்கின் வொர்க்கர் எடுத்து, தனக்குத் தெரியாத வேலை என்று தூக்கி எறிகிறது. அது திரும்ப வரிசைக்குப் போவதில்லை. பயனர் தரப்பிலிருந்து பார்த்தால் மின்னஞ்சல் சில நேரம் போகிறது, சில நேரம் போவதில்லை என்றுதான் தெரியும். வரிசைப் பெயரையும் டேட்டாபேஸ் எண்ணையும் பிரியுங்கள். ரெடிஸில் இயல்பாக 0 முதல் 15 வரை 16 டேட்டாபேஸ்கள் உண்டு. அது முழுத் தனிமை ஆகாது: பப்-சப் செய்திகள் டேட்டாபேஸ் எண்ணைக் கடந்து போகும், ஃப்ளஷ்ஆல் கட்டளை எல்லாவற்றையும் அழிக்கும். முக்கியமான செயலிக்குத் தனி ரெடிஸ் ப்ராசஸே ஓட்டிவிடலாம், அது ஒன்றும் பெரிய சுமையில்லை.

கேஷும் அப்படித்தான். கீ_பிரிஃபிக்ஸ் வைத்தால் சாவிகள் மோதாது. ஆனால் ஜாங்கோவின் ரெடிஸ் கேஷில் கிளியர் என்று கூப்பிட்டால் அது பிரிஃபிக்ஸைப் பார்க்காமல் அந்த டேட்டாபேஸ் முழுவதையும் துடைத்துவிடும். அதே எண்ணில் பக்கத்துச் செயலியின் செஷன்கள் இருந்தால் அவையும் போயின.

இரண்டு ஜாங்கோ தளங்களில் ஒன்று மற்றதன் அமைப்புகளோடு எழுகிறது: மாட்_டபிள்யூஎஸ்ஜிஐயில் இரண்டும் ஒரே ப்ராசஸில் ஓடும்போது வருவது. ஜாங்கோ உருவாக்கித் தரும் டபிள்யூஎஸ்ஜிஐ கோப்பு செட்டிங்ஸ் மாறியை செட்டிஃபால்ட் என்று வைக்கிறது. ஏற்கெனவே மதிப்பு இருந்தால் மாற்றாது. முதலில் எழுந்த தளத்தின் மதிப்பு இரண்டாவதற்கும் ஒட்டிக்கொள்கிறது. தளத்துக்கு ஒரு டீமன் ப்ராசஸ் குழு கொடுத்து, பைதான்-ஹோம் விருப்பத்தில் அதனதன் வென்வைக் காட்டுங்கள்.

பீக் நேரத்தில் மட்டும் டேட்டாபேஸ் ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ என்கிறது: போஸ்ட்கிரெஸின் இயல்பான இணைப்பு வரம்பு 100, அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. வரம்பு சர்வருக்கு மொத்தமாக, செயலிக்கு அல்ல. ஒவ்வொரு செயலியின் வொர்க்கர், த்ரெட், செலரி எண்ணிக்கைகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் அங்கேயே விடை சொல்லும்.

நினைவகத்திலும் இதே கூட்டல்தான். ஜிகுனிகார்னுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு கோர் எண்ணிக்கையின் இரு மடங்கோடு ஒன்று. அது சர்வரில் ஒரே செயலி இருந்தால் பொருந்தும். 4 கோர் சர்வரில் 5 செயலிகளுக்கும் தலா 9 வொர்க்கர் கொடுத்தால் 45 ப்ராசஸ். ஒன்று 100 எம்பி பிடித்தாலே 4.5 ஜிபி. லாகில் ‘வொர்க்கர் வாஸ் சென்ட் சிக்கில்’ என்ற வரி வந்தால் ‘டிமெசேஜ்’ போட்டு கெர்னல் யாரைக் கொன்றது என்று பாருங்கள். நினைவகத்தைத் தின்றது ஒரு செயலி, கொல்லப்பட்டது வேறொன்றாக இருக்கும். சர்வீஸ் கோப்பில் மெமரிமேக்ஸ் வைத்தால் தின்றவர் மட்டும் சாவார்.

வென்வை மறுபடி உருவாக்கும் முறை

மேலே பல இடங்களில் புதிதாக உருவாக்குங்கள் என்று சொன்னோம். அதைப் பயமில்லாமல் செய்ய ஒரு வரிசை:

1. பழைய வென்வ் இன்னும் ஓடினால் ‘பிப் ஃப்ரீஸ்’ வெளியீட்டைச் சேமியுங்கள். அதில் ‘@ ஃபைல்’ என்று உள்ளூர்ப் பாதையைச் சுட்டும் வரிகள் இருந்தால் அவற்றைப் பதிப்பு எண்ணாக மாற்றுங்கள், வேறு கணினியில் அவை நிறுவாது. பழைய வென்வ் ஓடவில்லையென்றால் சைட்-பேக்கேஜஸில் உள்ள .டிஸ்ட்-இன்ஃபோ டைரக்டரிகளின் பெயர்களிலேயே பேக்கேஜும் பதிப்பும் இருக்கும்.

2. புதிய வென்வை /எஸ்ஆர்வி/பில்லிங்/வென்வ்ஸ் அடியில் வெளியீட்டு எண்ணைப் பெயராக வைத்து உருவாக்குங்கள். தற்காலிகப் பெயரில் உருவாக்கிப் பிறகு மாற்றாதீர்கள். உரிமையாளர் டெப்ளாய் பயனராக இருக்கட்டும். சர்வீஸ் பயனருக்குப் படிக்கும் உரிமை போதும். செயலியில் ஓட்டை விழுந்தாலும் தன் பேக்கேஜ்களைத் தானே மாற்ற முடியாது.

3. பதிப்புகள் பூட்டிய பட்டியலிலிருந்து நிறுவுங்கள். பிறகு ‘பிப் செக்’. பேக்கேஜ்கள் ஒன்றுக்கொன்று கேட்கும் பதிப்புகள் முரண்பட்டால் அது சொல்லிவிடும்.

4. சர்வீஸ் பயனராக மாறி, செயலியின் டபிள்யூஎஸ்ஜிஐ மாட்யூலை இம்போர்ட் செய்து பாருங்கள். ரூட்டாகச் செய்து பார்ப்பது சோதனையே இல்லை, ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

5. கரண்ட் சிம்லிங்கைப் புதிய வென்வைச் சுட்டும்படி மாற்றுங்கள் (எக்ஸெக்ஸ்டார்ட் பாதையும் இந்த இணைப்பின் வழியே போக வேண்டும்). ‘எல்என் -எஸ்எஃப்என்’ சில கணினிகளில், குறிப்பாகப் பழையவற்றில், பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடும், நடுவே ஒரு கணம் இணைப்பு இருக்காது. வேறு பெயரில் இணைப்பு உருவாக்கி ‘எம்வி -டி’ (பெரிய எழுத்து) கொண்டு அதன் மேல் நகர்த்தினால் அந்த இடைவெளி இல்லை.

6. டார்கெட்டை ரீஸ்டார்ட் செய்து, முதல் பகுதியில் சொன்ன மேப்ஸ் சோதனையை வெப், வொர்க்கர், பீட் மூன்றின் ப்ராசஸ் எண்ணுக்கும் ஓட்டுங்கள். மூன்றிலும் புதிய வெளியீட்டு எண் வர வேண்டும்.

7. முந்தைய வென்வ் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கும் பழையவற்றை நீக்குங்கள். பின்வாங்க வேண்டி வந்தால் சிம்லிங்கைத் திருப்பி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. டேட்டாபேஸ் மைக்ரேஷன் நடந்திருந்தால் மட்டும் இது போதாது, அதைத் தனியாகப் பின்னோக்கி எடுக்க வேண்டும்.